இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேடை

(இசை ரசிகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“வீட்டு ஸ்டீரியோவில் ஒலிமேடை நன்றாக அமைய எந்த சிடி பிளேயர் வாங்கலாம்?” இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசர வேலை இருப்பவர்கள் எழுந்து போகலாம். ஒழுங்காக ஓடுகிற எந்த சிடி பிளேயரும் போதும். பாடகர் நடுவில், வயலின் வலப்பக்கம், மிருதங்கம் கொஞ்சம் பின்னால் என்று கண்ணுக்குத் தெரிவதுபோலக் காதுக்குத் தெரிகிறதே, அந்த மேடையைக் கட்டுவதில் பிளேயரின் பங்கு மிகச் சிறியது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இரண்டாவது வரிசையிலேயே இருக்கிறார்கள், பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் மீதி நேரம்.

இந்த அரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். நான் நடுவில் நிற்கிறேன். இடது ஓரத்தில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். என் குரல் நான் நிற்கிற இடத்திலிருந்தா வருகிறது? உங்கள் பக்கத்துத் தூணில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும். வலது ஓரத்துப் பெட்டியும் இதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதையே உங்கள் காது கண்டுகொள்ளாது. முதலில் வந்து சேர்ந்த ஒலி எந்தத் திசையோ, மொத்த ஒலியும் அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் 1949ல் தம் முனைவர் பட்டத்துக்காக இதை அளந்து பார்த்தார். ஏறத்தாழ 5 முதல் 30 மில்லிசெகண்ட் தாமதத்தில் வரும் இரண்டாவது ஒலி, முதலாவதைவிட 10 டெசிபல் வரை உரக்க இருந்தாலும் கேட்பவருக்கு அது தனியாகத் தெரிவதில்லை.

இதற்கு முன்பே, 1907ல், இங்கிலாந்தின் ராலே பிரபு திசையறிதலுக்கு இரண்டு வழிகளைச் சொல்லியிருந்தார். தாழ்ந்த சுருதிகளில், ஒலி ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத் திசை அறிகிறோம். உயர்ந்த சுருதிகளில், தலை குறுக்கே நின்று மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறைகிறதே, அதை வைத்து அறிகிறோம். ஒலி முழுக்க ஒரு பக்கத்திலிருந்து வந்தால்கூட இரண்டு காதுகளுக்குமிடையே நேர வித்தியாசம் ஒரு மில்லிசெகண்டில் மூன்றில் இரண்டு பங்குதான். மிகச் சிறந்த நிலையில் 10 மைக்ரோசெகண்ட் வித்தியாசத்தைக்கூட மனிதக் காது பிடித்துவிடும். இந்தப் பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இரண்டு பெட்டிகளை வைத்து, பெட்டியே இல்லாத நடு இடத்தில் ஒரு ஆளை நிறுத்தலாம் என்று முறையாக எழுதி வைத்தவர் ஆலன் பிளம்லைன். லண்டன் இஎம்ஐ நிறுவனத்துப் பொறியாளர். சினிமா பார்க்கப் போனபோது, திரையில் ஆள் ஒரு ஓரத்தில் நடக்க, குரல் மட்டும் ஒரே பெட்டியிலிருந்து வருவது அவருக்குப் பொறுக்கவில்லையாம். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று 90 பாகைத் திருப்பத்தில் இரண்டு மைக்குகளை வைக்கும் முறை அதில் இருக்கிறது. இன்றும் ஒலிப்பதிவாளர்கள் அதை அவர் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். 1942ல், ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்தார். அப்போது வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. அது 1950களின் கடைசியில்தான் வந்தது.

பிளம்லைன் நமக்குச் சொல்லிப்போனது இதுதான்: மேடை பதிவிலேயே இருக்க வேண்டும். இடது வலது பாதைகளுக்கு இடையிலுள்ள சத்த வித்தியாசமும் நேர வித்தியாசமும்தான் மேடை. பதிவில் அது இல்லையென்றால் எந்தப் பெட்டியும் எந்த பிளேயரும் அதை உண்டாக்கித் தராது.

நம் பாடல்களுக்கு வருவோம். 1950களிலும் 60களிலும் வந்த தமிழ்த் திரைப்பாடல்கள் மோனோ. விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாட்டைப் போட்டுவிட்டு “மேடை அகலமாக இல்லையே, பிளேயரை மாற்றலாமா” என்று கேட்பவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டில் அகலமே கிடையாது. குரலும் இருபது வயலினும் நடுவில் ஒரே கோட்டில்தான் நிற்க வேண்டும். 1978ல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அதற்குப் பிறகு இளையராஜா இந்த இடது வலது இடத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்டுடியோவில் பெரும்பாலும் வாத்தியத்துக்கு ஒரு மைக் வைத்துப் பதிந்து, பிறகு ஒரு குமிழைத் திருப்பித்தான் அதை இடமோ வலமோ தள்ளுகிறார்கள். ஆகவே திரைப்பாட்டில் அகலம் தாராளமாகக் கிடைக்கும். ஆழம் என்பது எதிரொலியைக் கூட்டிக் குறைத்து உண்டாக்கியது.

கச்சேரியில் நிலைமை வேறு. பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். சபையில் இருக்கும் நமக்கு மிருதங்கம் இடது, வயலின் வலது. மிருதங்கத்தின் வலந்தலை முகம் சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்ற இடக்கை வித்வான் வாசித்தால் வயலின்காரர் பக்கம் மாறி உட்கார வேண்டும். இந்த இருக்கை முறை நமக்கு மனப்பாடம் என்பதால், ஸ்டீரியோவில் நேர்த்தியாகப் பதிந்த ஒரு கச்சேரி சிடியைப் போட்டாலே மேடை சரியாக இருக்கிறதா என்று யாரும் சொல்லித் தராமல் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை. நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் பல, சபாவின் ஒலிபெருக்கி மிக்ஸரிலிருந்து வயர் போட்டு எடுத்தவை. மோனோ மாதிரியேதான் இருக்கும். அதற்கும் பிளேயரைத் திட்டாதீர்கள்.

இப்போது பிளேயர்.

முதல் சிடி பிளேயராக ஜப்பானில் 1982 அக்டோபர் 1ஆம் தேதி விற்பனைக்கு வந்தது சோனி சிடிபி-101. அதன் உள்ளே ஒரு சிக்கனம் இருந்தது. சிடியிலுள்ள எண்களை ஒலியாக மாற்றும் சில்லு விலை அதிகம் என்பதால் இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே சில்லு. இடதுக்கு ஒரு முறை, வலதுக்கு ஒரு முறை என்று மாறி மாறி வேலை செய்யும். சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒரு மாதிரிக்கான நேரத்தில் பாதி அளவு ஒரு பக்கம் பின்தங்கும். அதாவது சுமார் 11 மைக்ரோசெகண்ட். பத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதற்குக் கொஞ்சம் மேலே! விமரிசகர்களுக்குக் கேட்கவா வேண்டும், இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 11 மைக்ரோசெகண்டில் அது போகிற தூரம் 4 மில்லிமீட்டர். ஒரு ஸ்பீக்கரை 4 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்த பிளேயரில் ஆனது. சரி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கொஞ்சம் சாய்கிறீர்கள். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 2 மீட்டர், உங்களுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 2 மீட்டர் என்று வையுங்கள். தலை 10 செ.மீ. நகர்ந்தால் இரண்டு பாதைகளுக்கும் 10 செ.மீ. வித்தியாசம் வரும், நேரத்தில் சுமார் 290 மைக்ரோசெகண்ட். உலகத்தின் முதல் சிடி பிளேயரின் ஊரறிந்த குறையைப் போல இருபத்தைந்து மடங்கு! நாற்காலியில் சாய்ந்தாலே அவ்வளவு. பின்னர் வந்த பிளேயர்களில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மாற்றிகள் வந்துவிட்டன. அந்த 11 மைக்ரோசெகண்டும் இல்லை.

அடுத்து, இடது வலது கலப்பு. ஒரு பக்கத்து ஒலி மறுபக்கத்துக்குக் கசிந்தால் மேடை சுருங்கும், உண்மை. சிடி பிளேயரில் இந்தப் பிரிவு 90 டெசிபலையும் தாண்டும். இசைத்தட்டு சுழற்றும் நண்பர்களுக்குத் தெரியும், நல்ல ஊசியிலேயே 25, 30 டெசிபல்தான். ஆனாலும் “ஒலிமேடை என்றால் இசைத்தட்டுதான்” என்று அடித்துச் சொல்பவர்களும் அவர்களே. ஒரு ஒலியை முழுக்க ஒரு பக்கம் ஒதுக்கிக் காட்ட 20 டெசிபல் வித்தியாசம் தாராளமாகப் போதும். அதற்கு மேலே தொண்ணூறா நூறா என்று விளம்பரத்தில் போட்டி போடுவதால் வயலின் வலப்பக்கம் இன்னும் ஒரு அடி தள்ளிப் போய்விடாது.

ஜிட்டர் என்று ஒன்று சொல்வார்கள், கடிகாரத் துடிப்பின் நடுக்கம். நடுத்தரமான பிளேயரிலும் அது ஒரு நானோசெகண்டுக்குக் கீழேதான் இருக்கும். காதுக்குத் தெரிய அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஒரு காலத்தில் சிடியின் விளிம்பில் பச்சை மைப் பேனாவால் கோடு போட்டால் மேடை விரியும் என்று வெளிநாட்டில் நிறையப் பேர் கோடு போட்டார்கள். நல்லவேளை, நம் ஊருக்கு அந்தப் பேனா தாமதமாகத்தான் வந்தது.

“அப்படியானால் கடையில் இரண்டு பிளேயர் கேட்டேன், ஒன்றில் மேடை தெளிவாக விரிந்ததே, என் காது பொய்யா?” என்பீர்கள். காது பொய் சொல்லவில்லை. பிளேயர்களின் வெளியீடு 2 வோல்ட் என்பது வழக்கம். சில கம்பெனிகள் 2.3 வோல்ட் வைக்கின்றன. அது 1.2 டெசிபல் கூடுதல். அந்த அளவு வித்தியாசத்தைக் காது “சத்தம் கூடியது” என்று சொல்லாது. “தெளிவாக இருக்கிறது, விரிவாக இருக்கிறது” என்றுதான் சொல்லும். நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் வழி இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இரண்டிலும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டும் ஒரு விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். சாதாரண மீட்டர் உயர்ந்த சுருதியில் தவறாகக் காட்டும், அதனால்தான் 100. பிறகு ஒரு நண்பர் மாற்றி மாற்றிப் போடட்டும். எது ஓடுகிறது என்று நீங்கள் பார்க்கக் கூடாது. பதினாறு முறை கேட்டுச் சொல்லுங்கள். பன்னிரண்டுக்கு மேல் சரியாகச் சொன்னால் அந்த பிளேயரை வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

பிளேயரால் மேடை கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. கெடும், பழுதாகிவிட்டால். முப்பது வருஷத்துப் பழைய பிளேயரில் வெளியீட்டுப் பகுதி கெபாசிட்டர்கள் காய்ந்து ஒரு பக்கம் மட்டும் ஒலி குறையலாம். கடலோர ஊர்க்காற்றில் பின்புறச் சாக்கெட்டுகள் களிம்பேறும். ஒரு டெசிபல் ஏற்றத்தாழ்வு வந்தாலே பாடகர் நடு இடத்தை விட்டு நகர்ந்துவிடுவார். இதைக் கண்டுபிடிக்க நம் பழைய மோனோ பாட்டைவிடச் சிறந்த கருவி கிடையாது. பாட்டைப் போட்டு நடுவில் உட்காருங்கள். குரல் இடப்பக்கம் சாய்கிறதா? பிளேயரின் பின்னால் இடது வலது வயர்களை மாற்றிச் செருகுங்கள். இப்போது வலப்பக்கம் சாய்ந்தால் குற்றம் பிளேயரில், அல்லது தட்டில். அப்போதும் இடப்பக்கமே சாய்ந்தால் பிளேயர் நிரபராதி. ஆம்ப்ளிஃபயரையோ ஸ்பீக்கரையோ அறையையோ விசாரியுங்கள். குரல் எங்கேயும் நிற்காமல் தலைக்குள் சுற்றி, பேஸும் மெலிந்து போனால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது.

என் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளி அறைதான். நம் வீட்டுக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஷோகேஸ், அதில் டிவி, இரண்டு தட்டுகளில் இரண்டு ஸ்பீக்கர், கல்யாண போட்டோவுக்குப் பின்னால் ஒன்று, பீங்கான் பொம்மைக்குப் பின்னால் ஒன்று. ஒரு பக்கம் சிமென்ட் சுவர். மறுபக்கம் சமையலறைக்குப் போகும் திறந்த வழி. தரை முழுக்க டைல்ஸ். கைதட்டினால் கூடமும் திரும்பத் தட்டும். ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்ட ஒலி பக்கச் சுவரில் பட்டு, நேர் ஒலிக்குச் சில மில்லிசெகண்ட் பின்னால் உங்களிடம் வந்துவிடுகிறது. தனி எதிரொலியாகக் கேட்காது, நேர் ஒலியோடு கலந்து உருவத்தைப் பரப்பிவிடுகிறது. அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் சுவர் இருந்தால், மேடை அந்தப் பக்கம் வீங்கும்.

ஆகவே ஸ்பீக்கர்களை ஷோகேஸிலிருந்து வெளியே எடுங்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் ஸ்டூல் போதும். பெட்டியிலுள்ள சிறிய ஸ்பீக்கர் (ட்வீட்டர்) உங்கள் காது உயரத்துக்கு, உட்கார்ந்த நிலையில் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு, வரட்டும். பின்சுவரிலிருந்து குறைந்தது இரண்டடி முன்னால். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரமும் உங்களுக்குள்ள தூரமும் சமமாக, 60 பாகை முக்கோணமாக. டேப் வைத்து அளந்து வையுங்கள். கண் மதிப்பு வேண்டாம். ஸ்பீக்கர்கள் கொஞ்சம் உங்களை நோக்கித் திரும்பட்டும். குரல் கூர்மையாகும்வரை திருப்பிக்கொண்டே கேளுங்கள். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு ஜமக்காளத்தை விரியுங்கள். பக்கச் சுவரில் ஒலி பட்டுத் திரும்பும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். உங்கள் இருக்கையிலிருந்து எங்கே ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கே புத்தக அலமாரியோ கனத்த திரைச்சீலையோ வையுங்கள். வீட்டில் எதிர்ப்பு வரும். வீட்டாரையும் நடு நாற்காலியில் உட்கார வைத்து ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுங்கள். பாதி எதிர்ப்பு குறையும்.

இதையெல்லாம் செய்த பிறகு பிளேயர் வாங்கப் போகலாம். நான் பார்ப்பது மூன்று விஷயம். முதலாவது, தட்டைப் படிக்கும் திறன். சிடியின் பிழைதிருத்த முறை, தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளக் கீறலைச் சிறு குறையும் தெரியாமல் சரிக்கட்டக்கூடியது. அதற்கு லேசர் தடத்தை விட்டு நழுவாமல் இருக்க வேண்டும். எனவே கடைக்குப் போகும்போது உங்களிடம் இருப்பதிலேயே கீறல் விழுந்த தட்டை எடுத்துப் போங்கள், புதுத் தட்டை இல்லை. இரண்டாவது, லென்ஸ் கிடைக்குமா? பிளேயரில் முதலில் போவது அதுதான். சான்யோ எஸ்எஃப்-பி101என், சோனி கேஎஸ்எஸ்-213 போல ஏராளமான பிளேயர்களில் பயன்பட்ட லென்ஸ் உள்ளே இருந்தால், சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். அரிய வகை லென்ஸ் கொண்ட விலையுயர்ந்த பழைய பிளேயர் ஒரு நாள் அழகான பெட்டியாக மட்டும் மிஞ்சும். மூன்றாவது, பின்னால் டிஜிட்டல் வெளியீடு. யமஹா சிடி-எஸ்303, மராண்ட்ஸ் சிடி6007 போன்றவற்றில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்சி போன்றவற்றில் அது மட்டுமே இருக்கிறது. எண்ணை ஒலியாக்க வெளியே தனி டாக் வேண்டும். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் டாக் உள்ளேயே இருந்தால், பரணில் தூசி படிந்து கிடக்கும் டிவிடி பிளேயரின் கோஆக்சியல் துளையே போதுமானது. எர்த் சரியில்லாத வீட்டில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் கோஆக்சியலை விட்டு ஆப்டிகல் வயருக்கு மாறுங்கள். அதில் மின்தொடர்பே கிடையாது. வால்வு வெளியீடு, பழைய பாணி மாற்றி என்று கூடுதல் பணம் கேட்பவற்றில் ஒலியின் நிறம் மாறலாம். பிடித்திருந்தால் வாங்குங்கள். மேடைக்காக என்று வாங்காதீர்கள்.

மிச்சப்பட்ட பணத்தை முதலில் ஸ்பீக்கருக்கும், பிறகு நல்ல தட்டுகளுக்கும் செலவிடலாம். தட்டு என்று சொல்லும்போது ஒன்று சொல்ல வேண்டும். 1990களின் நடுவிலிருந்து மறுபதிப்புகளில் ஒலியை அமுக்கி உரக்க ஏற்றும் பழக்கம் வந்துவிட்டது. மெல்லிய எதிரொலியின் வால்தான் ஆழத்தைக் காட்டுவது. அதையும் தூக்கிக் குரலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் எல்லாரும் மேடை விளிம்புக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். மோனோ பாட்டுக்கு எதிரொலி பூசி ‘ஸ்டீரியோ’ என்று விற்றவையும் உண்டு. ஒரே பாட்டின் பழைய பதிப்பையும் ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ பதிப்பையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எந்த இரண்டு பிளேயருக்கும் நடுவே இல்லாத வித்தியாசம் அங்கே இருக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். செல்போன் வந்துவிட்டது என்று உங்கள் வீட்டுப் பழைய சிடிக்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் அச்சான பல பதிப்புகள் திரும்ப அதே ஒலியோடு வரவில்லை. இடமில்லை என்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், ஆட்டோ பிடித்து வந்து வாங்கிக்கொள்கிறேன்.